வெளிச்சத்தின் மேல் ஒரு இஞ்சு டேப்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் வீட்டு முன்னறையிலும் கடைத்தெருவிலும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கக் கூடங்களிலும் துணி வெட்டித் தைக்கிற அக்கா தங்கைகளுக்கும், கட்டிங் மாஸ்டர்களுக்கும் இந்த மடல்.

திருச்செங்கோட்டில் துணி வணிகக் குடும்பத்தில் 1907ல் பிறந்த டி.ஆர்.சுந்தரம், நெசவுப் பொறியியல் படிக்க இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம் வரை போனார். படித்தது துணி, பேர் வாங்கித் தந்தது சினிமா. 1935ல் சேலத்தில் அவர் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1956ல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தைத் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக வெளியிட்டது. ஏற்காடு போகிற சாலையில் அந்த ஸ்டுடியோவின் வளைவு இன்னும் நிற்கிறது. துணியும் ப்ரொஜெக்டரும் இந்த மண்ணில் ஒரே மனிதரின் வாழ்க்கைக்குள் இருந்தவை. இப்போது அவை ஒரே மேசைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

டூரிங் டாக்கீஸ் காலத்தில் ப்ரொஜெக்டர் சற்றுச் சாய்ந்திருந்தால் திரையில் படம் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் விழும். கதை ஓடும்போது அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதே சாய்வு ஒரு பட்டு ஜாக்கெட் துணியின் மேல் விழுந்தால் இடது கைக்குழி ஒரு அளவிலும் வலது கைக்குழி இன்னொரு அளவிலும் வெட்டுப்படும். வெட்டிய துணியைத் திரும்ப ஒட்ட முடியாது. இந்த மடலின் அக்கறை முழுக்க அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

விஷயம் புதிதாகக் கேட்கிறவர்களுக்காகச் சுருக்கமாக: வெட்டும் மேசைக்கு நேர் மேலே ஒரு ப்ரொஜெக்டரைக் கீழ்நோக்கி மாட்டுகிறார்கள். கணினியிலுள்ள பேட்டர்ன் படம் அசல் அளவில் துணிமேல் கோடுகளாக விழுகிறது. அந்தக் கோட்டின் மேல் சாக் போட்டோ, நேரடியாகவோ வெட்டுகிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் தைப்பவர்களிடையே 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் இது வேகமாகப் பரவியது. அங்கே காரணம் காகிதம். எபனேசர் பட்டரிக் என்ற அமெரிக்கத் தையற்காரர் 1863ல் பல அளவுகளில் காகிதப் பேட்டர்ன்களை விற்கத் தொடங்கியது முதல், அந்நாட்டுத் தையல் காகிதத்தைச் சுற்றியே வளர்ந்தது. பேட்டர்ன்கள் பி.டி.எஃப் ஆக மாறியபோது, ஏ0 அளவுள்ள ஒரு தாளை வீட்டில் அச்சிட 16 ஏ4 தாள்களை ஒட்டவேண்டி வந்தது. ஒட்டி, கத்தரித்து, மடித்து வைத்துச் சலித்தவர்களுக்கு வெளிச்சம் விடுதலையாகத் தெரிந்தது.

நம் ஊர்க் கதை வேறு. இங்கே அளவு ஜாக்கெட்டை விரித்து, இஞ்சு டேப்பால் தோள், மார்பு, இடுப்பு பார்த்து, துணிமேலேயே சாக் கோடு போட்டு வெட்டுகிற கை பழகிய கை. மிஞ்சினால் ஒரு பிரவுன் தாள், இல்லாவிட்டால் அட்டை. அப்படிப்பட்ட கைக்கு ப்ரொஜெக்டர் எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி. ஒரே ஒரு ஜாக்கெட், ஒரே ஒரு முறை வெட்ட இது தேவையில்லை. சாக்கும் டேப்பும் அதைவிட வேகம். தேவைப்படும் இடங்கள் மூன்று.

முதலாவது, திரும்பத் திரும்ப வருகிற வாடிக்கையாளர். ஒருமுறை அவருக்குச் சரியாகப் பொருந்திய கட்டிங்கைக் கணினியில் சேமித்து வைத்துவிட்டால், அடுத்த தீபாவளிக்கு அளவு ஜாக்கெட் கேட்க வேண்டியதில்லை. கட்டோரி, பிரின்சஸ் கட் போலப் பல துண்டுகளாக வெட்டுகிற மாடல்களில் இந்த லாபம் கூடுதல். இரண்டாவது, சீருடை. சத்துணவு உண்ணும் பள்ளிப் பிள்ளைகளுக்கு 1 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 4 செட் விலையில்லாச் சீருடை தமிழகத்தில் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உழைப்பில் தைக்கப்படுகிறது. ஒரே உருவம், பல அளவு என்ற வேலைக்குப் பேட்டர்ன் சேமிப்பு நேரடியாகப் பொருந்தும்.

மூன்றாவது ஆரி வேலை. கல்யாண ஜாக்கெட்டுக்கு டிசைன் ஏற்ற இப்போது என்ன செய்கிறார்கள்? ட்ரேசிங் பேப்பரில் வரைந்து, கோடு நெடுகிலும் ஊசியால் துளையிட்டு, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் கரைத்துத் துணிமேல் தேய்க்கிறார்கள். மண்ணெண்ணெய் வாடையும் தலைவலியும் அந்த அறைகளில் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். ஸ்டாண்டில் இழுத்துக் கட்டிய துணிமேல் மாங்காயையும் மயிலையும் வெளிச்சமாகவே விழவைத்து, வெள்ளைப் பென்சிலால் வரைந்துகொள்ளலாம். துணி தட்டையாக, விறைப்பாக இருப்பதால் ஆரி ஸ்டாண்டைவிட நல்ல திரை கிடைக்காது. மூன்றில் எதை முதலில் முயலலாம் என்று கேட்டால், இந்த மடல் ஆரியைத்தான் கைகாட்டும்.

இனி அளவுக்கு வருவோம்.

சாதாரண வீட்டுக் கூரை 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். மேசை 3 அடி. தாங்கியும் ப்ரொஜெக்டர் உடலும் அரை அடி எடுத்துக்கொண்டால், லென்ஸுக்கும் துணிக்கும் இடையே 6½ அடி, அதாவது சுமார் 198 செ.மீ. மிஞ்சும். ஒவ்வொரு ப்ரொஜெக்டருக்கும் ‘த்ரோ ரேஷியோ’ என்று ஒரு எண் உண்டு. தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் படத்தின் அகலம் வரும். எண் 1.4 என்றால் 198ஐ 1.4ஆல் வகுக்க, 141 செ.மீ. அகலமும் கிட்டத்தட்ட 79 செ.மீ. உயரமும் உள்ள படம். 80 செ.மீ. ஜாக்கெட் துணி ஏறக்குறைய முழுதாக அதற்குள் அடங்கிவிடும். எண் 1.2க்குக் கீழே போனால் படம் இன்னும் பெரிதாகும். தாழ்ந்த கூரை வீட்டுக்கு அது உதவி. வாங்கப் போகும்போது விலையைக் கேட்கும் முன்னே இந்த எண்ணைக் கேட்க வேண்டும்.

படம் பெரிதாகப் பெரிதாக அதன் புள்ளிகளும் பருக்கும். இதை இளம்பிள்ளை நெசவாளர்களுக்கு விளக்கவே வேண்டாம். சேலத்தில் 1960 முதல் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஜக்கார்டு டிசைன் படித்த எவரும், பூவைக் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக ஏற்றியிருப்பார்கள். கட்டம் குறைந்தால் பூவின் வளைவு படிக்கட்டாகிவிடும். ப்ரொஜெக்டரும் அப்படித்தான். 141 செ.மீ. அகலத்தை 1920 புள்ளிகளால் நிரப்பும் கருவியில் ஒரு புள்ளி 0.73 மி.மீ. 1280 புள்ளிகள் என்றால் 1.1 மி.மீ. பெட்டியில் ‘1080 சப்போர்ட்’ என்று அச்சிட்டு உள்ளே 854 புள்ளிகள் மட்டுமே வைத்திருக்கும் மலிவுக் கருவியில் ஒரு புள்ளி 1.6 மி.மீட்டரைத் தாண்டும். கழுத்து வளைவு பல் பல்லாகத் தெரியும். ‘சப்போர்ட்’ என்ற சொல்லை நம்பாமல், கருவியின் சொந்தத் தெளிவு எவ்வளவு என்று கேட்பது நல்லது. வெளிச்ச அளவிலும் அதே கவனம் தேவை: வெறும் ‘லூமன்ஸ்’ என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பதை விட்டுவிட்டு, ‘ஆன்சி’ அல்லது ‘ஐஎஸ்ஓ’ லூமன்ஸ் என்று குறிப்பிட்ட எண்ணைப் பார்க்க வேண்டும்.

மாட்டுகிற வேலைக்கு இந்தப் பக்கத்தில் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி கட்டுகிற பட்டறைகள். ரிக்கின் கம்பம் நேர்குத்தாக நிற்காவிட்டால் துளை கோணலாகும் என்று தெரிந்த வெல்டருக்கு, ப்ரொஜெக்டர் ஏன் நேராகக் கீழே பார்க்கவேண்டும் என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்காது. கடையில் கிடைக்கும் சீலிங் தாங்கி பெரும்பாலும் கருவியைப் படுக்கைவாக்கில் பிடித்துச் சுவரைப் பார்க்க வைப்பது. கீழே பார்க்க வைக்கச் சதுரக் குழாயில் தனித் தாங்கி செய்யவேண்டும்.

அந்தத் தாங்கியைக் கூரையில் அடிக்காமல் மேசையோடு சேர்த்தே பற்றவைப்பது பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் ரொம்ப முக்கியம். விசைத்தறி ஓடுகிற வீடுகளிலும், அடுத்த வீட்டில் தறி ஓடுகிற வீடுகளிலும் சுவரும் கூரையும் நாள் முழுக்க அதிரும். கூரையில் தொங்கும் லென்ஸ் அதிர, கோடும் துணிமேல் நடுங்கும். மேசையும் தாங்கியும் ஒரே உடம்பாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே அதிரும். கோட்டின் நடுக்கம் குறையும். மேசையைச் சற்று நகர்த்தினாலும் அளவு கெடாது. வாடகை வீட்டில் கூரையைத் துளைக்கவும் வேண்டாம். தனிக் கம்பமாக விடாமல் குறுக்குச் சட்டம் கொடுத்து இறுக்கவேண்டும். தறி வீடுகளில் காற்றில் பறக்கும் பஞ்சு கருவியின் காற்றுத் துளைகளை அடைக்கும் என்பதால் வாரம் ஒருமுறை தூரிகையால் தட்டிவிடுவதும் அவசியம். பழைய பல்பு வகைக் கருவிகள் பலவற்றைச் செங்குத்தாக மாட்டக்கூடாது, சூடேறிப் பழுதாகும். எந்தக் கோணத்திலும் மாட்டலாம் என்று கையேட்டில் எழுதியுள்ள எல்.இ.டி. அல்லது லேசர் கருவியே இதற்கு ஏற்றது.

கருவியின் மட்டத்தைக் கொத்தனாரின் ரசமட்டம் வைத்துப் பார்க்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல ப்ரொஜெக்டர்களில் படம் லென்ஸுக்கு நேர் கீழே நடுவில் விழாது; ஒரு பக்கமாகத் தள்ளித்தான் விழும். அது பழுது இல்லை, அவற்றின் அமைப்பே அப்படி. படத்தை மேசை நடுவுக்குக் கொண்டுவரக் கருவியைச் சாய்ப்பவர்கள் அந்த நொடியிலேயே அளவைக் கெடுக்கிறார்கள். சாய்க்கவே கூடாது. தாங்கியையே நகர்த்தவேண்டும்.

அடுத்து ‘கீஸ்டோன்’. சாய்ந்த படத்தைச் சதுரமாக்கும் இந்த வசதியை விற்பனையாளர்கள் பெரிய சிறப்பாகச் சொல்வார்கள். சினிமா பார்க்க நல்லதுதான். தையலுக்குத் தானியங்கிக் கீஸ்டோன் எதிரி. ஒவ்வொரு முறை கருவி எழும்போதும் தன் போக்கில் படத்தைத் திருத்திக்கொள்ளும். நேற்று அளந்து வைத்தது இன்று இருக்காது. முதல் வேலையாக அதை அணைத்துவிட வேண்டும்.

இதன் பிறகுதான் அளவு சரிபார்த்தல். கருவியைப் போட்டு 15, 20 நிமிடம் ஓடவிட வேண்டும். சூடேறும்போது லென்ஸின் கூர்மை சற்று மாறும். மேசைமேல் கட்டம் போட்ட கட்டிங் மேட் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வெள்ளைச் சார்ட் தாள்களை அசையாமல் ஒட்டி, இரும்பு ஸ்கேலால் ஒரு பெரிய செவ்வகம் வரைந்துகொள்ளலாம். அதன் இரண்டு குறுக்களவும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வீட்டு அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும் கொத்தனார் பார்ப்பதும் இதைத்தான். பிறகு ‘பேட்டர்ன் ப்ரொஜெக்டர்’ என்ற இலவச வலைச் செயலியில் செவ்வகத்தின் அசல் நீள அகலத்தைக் கொடுத்து, அது காட்டும் நான்கு மூலைகளையும் மேசைமேலுள்ள நான்கு மூலைகளோடு பொருத்தினால், இடையிலுள்ள கோணலைக் கணக்குப் போட்டு அதுவே சரிசெய்துகொள்ளும். பெரிய சாய்வைக் கையால் தீர்த்துவிட்டு, மிச்சமுள்ள சிறு பிழையை மட்டும் அதனிடம் விடுவது நல்லது. நிறையத் திருத்த விட்டால் கோடு மங்கும்.

மூலைகள் பொருந்தியதோடு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். இஞ்சு டேப்பை எடுக்க வேண்டிய நேரமே அப்போதுதான். படத்தில் 100 செ.மீ. என்று காட்டும் கோட்டை நீளவாக்கில் ஒருமுறை, 50 செ.மீ. கோட்டை அகலவாக்கில் ஒருமுறை, நடுவில் 10 செ.மீ. சதுரத்தை ஒருமுறை அளக்க வேண்டும். 100 செ.மீ. கோடு 99 என்று வந்தால் பிழை 1 சதவீதம். கேட்கச் சின்னதாக இருக்கும். 36 இஞ்சு மார்புச் சுற்றளவில் அது மூன்று நூல். கைதேர்ந்த தையற்காரி ஒரு நூலைக் கூட விடமாட்டார். தேய்ந்து இழுபட்ட பழைய டேப்பை இந்த வேலைக்கு நம்பாமல் இரும்பு ஸ்கேலோடு ஒத்துப்பார்த்துக்கொள்வது நல்லது.

உயரம் செய்யும் கெடுதல்தான் பலருக்கும் புரியாமல் போவது. வெளிச்சம் லென்ஸிலிருந்து விரிந்துகொண்டே வருகிறது. துணி லென்ஸை நோக்கி உயர உயர, படம் சுருங்கும். மேசையில் அளவு பார்த்துவிட்டு, ஒரு இஞ்சு உயரத்துக்குத் துணி அடுக்கி வெட்டினால், 198 செ.மீ. தூரத்தில் படம் 1.28 சதவீதம் குறையும். அதே 36 இஞ்சில் கிட்டத்தட்ட நாலு நூல். பத்து சீருடை வெட்டினால் பத்தும் இறுக்கம். ஒற்றைத் துணிக்கும் நாலாக மடித்த மெல்லிய காட்டனுக்கும் இந்தக் கவலை இல்லை, ஒரு மி.மீ. உயரம் ஒரு மீட்டர் நீளத்தில் அரை மி.மீ. தான் மாற்றும். அடுக்கி வெட்டுகிற இடத்தில் அடுக்கின் மேல்மட்டத்தில் வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். ஆரி ஸ்டாண்டுக்கும் இதே விதி. ஸ்டாண்டு மேசையைவிட 4 இஞ்சு உயர்ந்திருந்தால் படம் 5 சதவீதம் சுருங்கி, 10 இஞ்சுக் கை பார்டர் ஒன்பதரை இஞ்சாக நிற்கும்.

இதனோடு சேர்ந்ததுதான் கத்தரிக்கோல் பிரச்சினை. வெளிநாட்டில் சக்கரக் கத்தியால் மேட்டின்மேல் அழுத்தி வெட்டுகிறார்கள், துணி எழும்பாது. நம் கத்தரிக்கோல் துணியைத் தூக்கிக்கொண்டுதான் போகும். மேசை நடுவில் இருந்து 60 செ.மீ. தள்ளி, துணி அரை இஞ்சு எழும்பினால் கோடு ஒரு நூலுக்கு மேல் விலகிவிடும். எனவே வெளிச்சக் கோட்டின்மேல் முதலில் சாக் போட்டு, விளக்கைப் போட்டு, வழக்கம்போல வெட்டுவதே நம் கைக்குப் பொருந்தும். இதில் கூடுதல் நேரம் பெரிதாக ஆகாது; தைரியம் நிறையக் கிடைக்கும்.

அடர் மெரூன், கறுப்புத் துணிகளில் கறுப்புக் கோடு தெரியாது. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடாக மாற்றிக்கொள்ளலாம். கோட்டைத் தடிமனாக்கினால் சரிகைப் பளபளப்புக்கு நடுவிலும் கண்ணுக்குப் பிடிபடும். சீலிங் ஃபேன் லென்ஸுக்கும் மேசைக்கும் நடுவே வந்தால் படம் படபடக்கும். டேபிள் ஃபேன் துணியைப் பறக்கவிடும். சேலத்துச் சித்திரையில் ஃபேன் இல்லாமல் வேலை செய்யச் சொல்வது கொடுமை என்பதால், மேசையை ஃபேனுக்கு அடியில் போடாமல் பக்கவாட்டில் போடுவதை முதலிலேயே யோசித்துவிட வேண்டும். மடிக்கணினி இல்லாமல் செல்போனிலிருந்து படத்தை அனுப்புகிறவர்கள், அதே போனை அதே கிடைவாக்கில் வைத்துத்தான் அளவும் பார்க்க வேண்டும், வேலையும் செய்ய வேண்டும். போன் மாறினால் படத்தின் அளவும் மாறக்கூடும். குழந்தைகள் மேசையடியில் நின்று லென்ஸை அண்ணாந்து பார்க்காமல் கவனித்துக்கொள்ளவும்.

இணையத்தில் பேட்டர்ன்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் நம் புடவை ஜாக்கெட்டின் இறுக்கம், பட்டி, ஹூக் பக்கம் எதுவும் அவற்றில் சரியாக வராது. அவரவர் கட்டிங்கை அவரவரே கணினியில் ஏற்றுவதுதான் வழி. ‘வாலென்டினா’, அதிலிருந்து பிரிந்து வளர்ந்த ‘சீம்லி2டி’ இரண்டும் இலவச மென்பொருள்கள்; அளவுகளைக் கொடுத்தால் கோடுகளை வரையும், அளவை மாற்றினால் கோடும் மாறும். இதற்குக் கட்டிங் மாஸ்டரின் சூத்திரம் வேண்டும். மார்பில் நாலில் ஒன்றோடு எவ்வளவு கூட்டுவது, டாட் எங்கே முடிய வேண்டும், கைக்குழியை எவ்வளவு குடைய வேண்டும் என்ற கணக்கெல்லாம் இந்த வட்டாரத்தில் பல மாஸ்டர்களின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. அவர்கள் வேலையை வெளிச்சம் பிடுங்கிவிடும் என்ற பயம் சில கடைகளில் எழலாம். மாஸ்டரை வெளியேற்றிவிட்டு ப்ரொஜெக்டர் வாங்குகிற கடை, மேசைமேல் எதை விழவைக்கப் போகிறது? அந்தச் சூத்திரத்தைச் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டருக்கு அதற்கான கூலியும் மரியாதையும் தரப்பட வேண்டும் என்பதில் இந்த மடலுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

வீட்டுக்கு ஒன்று வாங்க வேண்டியதும் இல்லை. ஐஃபாட் என்ற பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் சில ஆண்டுகளிலேயே சேலம் மாவட்டத்துக்கும் வந்தன. நாமக்கல் தனி மாவட்டமானது 1997ல்தான். குழுக்கள் வந்தபோது அதுவும் சேலத்துக்குள்தான் இருந்தது. கூட்டாகக் கடன் வாங்கி, கூட்டாகக் கட்டிப் பழகிய ஊர்கள் இவை. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் தையல் இயந்திரம் பெற்ற பெண்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். இயந்திரம் ஆளுக்கு ஒன்று வேண்டும். ப்ரொஜெக்டர் மேசை அப்படி இல்லை. வெட்டுவதற்கு மட்டும்தான் அது. பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவுக்கு ஒரு மேசை போதும். ஆளுக்கு ஒரு நேரம் ஒதுக்கி, வெட்டிய துண்டுகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தைக்கலாம்.

மேசை பொதுவானது என்பதால் ஒரு வழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். மேசைக் காலில் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டு, வெட்ட வருகிற ஒவ்வொருவரும் தேதியைப் போட்டு, 100 செ.மீ. கோட்டையும் 50 செ.மீ. கோட்டையும் தானே அளந்து எண்ணை எழுதிவிட்டுத்தான் துணியை விரிக்கவேண்டும். கரண்ட் போய் வந்தால் மறுபடியும் அளக்கவேண்டும். முந்தைய ஆள் சரியாகத்தான் வைத்திருப்பார் என்று விட்டுவிடக் கூடாது. முதல் வாரம் யாரும் பட்டைத் தொட வேண்டாம். வீட்டில் பழைய வேட்டி இருந்தால் கொண்டுவாருங்கள். குழுவில் யாராவது ஒருவருடைய நன்றாகப் பொருந்திய அளவு ஜாக்கெட்டைக் கணினியில் ஏற்றி, வேட்டித் துணியில் வெட்டி, ஓட்டுத் தையல் போட்டு அவரையே போடச் சொல்லுங்கள். தோளிலும் கைக்குழியிலும் துணி எங்கே இழுக்கிறது என்று அவர் கையை உயர்த்திக் காட்டட்டும்.